தங்கூஸ் நரம்பும் இரும்புக் கம்பியும்

நீரோடி தொடங்கி இரையுமன்துறை வரை கடலோரமாக அடுத்தடுத்துக் கிடக்கும் எட்டு மீனவ ஊர்களையும் வெளியூர்க்காரர்கள் தூத்தூர் என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவது வழக்கம். மேற்கே நீரோடியைத் தாண்டினால் அடுத்த ஊரான பொழியூர் கேரளத்தைச் சேர்ந்தது. கிழக்கே குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் முகத்துவாரமும், அதன் மறுகரையில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகமும் இருக்கின்றன. சுறா பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள் என்று மேற்குக் கடற்கரை முழுவதும் பெயரெடுத்தவர்கள் இந்த ஊர்களின் ஆண்கள். லட்சத்தீவுக்கு அப்பாலும் குஜராத் கடலிலும் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தங்கித் தொழில் செய்து, பிடித்ததைச் சொந்தக் கரையில் இறக்காமல் கொச்சியின் தோப்பும்படித் துறைமுகத்தில் கொண்டுபோய் ஏலம் விடுபவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்த பிறகுதான், இவர்கள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பது நாட்டின் மற்ற பகுதிகளுக்குத் தெரிந்தது.

அந்த எட்டில் ஒன்றில் பிறந்தவன் என்ற உரிமையோடுதான் சுறாக்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன். எங்கள் முன்னோர் சுறாவைத் தேடிப் போனார்கள். இன்று பெரும்பாலான படகுகள் கேரை என்று நாங்கள் சொல்லும் மஞ்சள் துடுப்புச் சூரைக்காகவும், ஈட்டிபோல் மூக்கு நீண்ட தளப்பத்துக்காகவும் போகின்றன. சுறா கூடவே வருகிறது. கேட்டு வருவதில்லை, ஆனால் வந்ததை யாரும் வேண்டாம் என்பதும் இல்லை. கூடவே வரும் அந்தச் சுறாவை எப்படிக் குறைப்பது என்பதே என் கேள்வி. இதற்கு உலகின் பல கடல்களில் விடைகள் சோதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் எது எங்கள் படகுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பரிந்துரைப்பவர்கள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை.

சுறாவுக்குச் சந்தை இல்லாத நாட்டின் சூரைப் படகு ஒன்றைச் சுறா முற்றுகையிட்டால் அது பெரும்பாலும் தொல்லை: தூண்டில் போகிறது, நேரம் போகிறது, தூண்டிலில் மாட்டிய சூரையைக் கடித்துக் குதறிவிட்டுப் போகிறது. எங்கள் கரையில் நிலைமை வேறு. இறைச்சி புதிதாகவும் விலைபோகும், உப்பிட்டு உலர்த்திய கருவாடாகவும் கேரளச் சந்தைகளுக்குப் போகும். பால் சுறாப் புட்டு பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறக் கொடுக்கும் பத்தியம் என்று இரு மாநிலத்து வீடுகளிலும் இன்றும் நம்பப்படுகிறது. ஆகவே, மேல்தளத்துக்கு ஏறிவிட்ட சுறா இங்கே வருமானம். விட்டுவிடுங்கள் என்று சொல்லும் எவரும், பங்குப்பணத்தில் எவ்வளவை விட்டுவிடச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

அப்படியானால் எதற்காகக் குறைக்க வேண்டும்? மற்ற மீன்களைப் போலச் சுறாவைக் கருத முடியாது என்பதற்காக. ஒரு பெண் சாளை ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகளை விடுகிறது. பெருங்கண் நெடுவால் சுறாவோ பன்னிரண்டு வயதை ஒட்டித்தான் பருவமடைந்து, ஒரு சூலில் பெரும்பாலும் இரண்டே குட்டிகளை ஈனுகிறது. அதில் ஒரு தாயைத் தூக்கினால் ஒரு தலைமுறையின் ஒரு பங்கு போய்விடுகிறது. 2021-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, ஆழ்கடலில் திரியும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 1970 முதல் 71 விழுக்காடு சரிந்திருப்பதாகவும், அதே காலத்தில் அவற்றின் மீதான மீன்பிடி அழுத்தம் ஒப்பளவில் 18 மடங்கு கூடியிருப்பதாகவும் கணக்கிட்டது. அவ்வாண்டு வெளிவந்த இன்னொரு மதிப்பீடு, உலகின் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை அழியும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. எங்கள் ஊரில் இதை எவரும் எண்களில் சொல்வதில்லை. முன்பு கரையிலிருந்து எட்டும் தூரத்தில் கிடைத்த பெருஞ்சுறாவுக்கு இப்போது எத்தனை நாள் ஓட வேண்டியிருக்கிறது என்று டீசல் கணக்கில் சொல்கிறார்கள். வேளா மீனைப் பற்றி வயதானவர்கள் சொல்லும்போது, நீண்ட அரம் போன்ற அந்த மூக்கை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார்கள். கேட்கும் இளையவர்களில் அதைக் கண்ணால் கண்டவர்கள் எனக்குத் தெரிந்து இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. 2001 மே மாதம் திமிங்கிலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் எல்லாச் சுறாக்களும் திருக்கைகளும் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, மீனவர்களின் எதிர்ப்பால் டிசம்பரில் பத்து இனங்களாகக் குறைக்கப்பட்டன. துடுப்பை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு உடலைக் கடலில் தள்ளும் கொடுமையை நிறுத்த, துடுப்பு உடலோடு இணைந்தே கரைக்கு வரவேண்டும் என்று 2013-இல் விதி வந்தது. 2015 பிப்ரவரியில் சுறாத் துடுப்பு ஏற்றுமதி முழுவதும் தடைசெய்யப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட பட்டியலில் மேலும் பல சுறா, திருக்கை இனங்களைச் சேர்த்தது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையமோ 2010-இலேயே நெடுவால் சுறாக்களைப் படகில் வைத்திருப்பதையும் இறக்குவதையும் விற்பதையும் தடுத்துவிட்டது.

இவை அனைத்தையும் நான் வரவேற்கிறேன். துடுப்பு வெட்டுதல் நின்றது பெரிய காரியம். ஆனால் இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குறை இருக்கிறது: சுறா கடலைவிட்டு மேலே வந்த பிறகே இவை பேசத் தொடங்குகின்றன. அதற்குள் பல சுறாக்கள் செத்துவிடுகின்றன. பெருங்கடலில் திரியும் சுறாக்களில் பலவற்றுக்கு, நின்ற இடத்தில் நின்றபடி செவுளுக்குள் தண்ணீரை இழுத்துவிடும் ஆற்றல் இல்லை. வாயைத் திறந்துகொண்டு நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு. தூண்டிலிலோ வலையிலோ மாட்டி ஓட்டம் நின்றுவிட்டால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகின்றன. நீண்ட கயிற்றில் ஏராளமான கொக்கிகளைத் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டிலைப் போடும் போர்ச்சுகல் நாட்டுப் படகுகள் அட்லாண்டிக்கில் பிடித்தவற்றைக் கணக்கெடுத்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தூண்டிலை இழுத்தெடுக்கும்போதே செத்திருந்தவை பெருங்கண் நெடுவால் சுறாவில் ஏறத்தாழப் பாதி. சுத்தியல்போல் தலை அகன்ற கொம்பன் சுறாவில் ஓரினத்தில் பத்துக்கு ஏழு. பட்டுச் சுறாவில் பாதிக்கும் மேல். நீலச் சுறா மட்டும் கெட்டி உயிர், ஏழில் ஒன்றுதான் செத்திருந்தது.

என் தாய்மாமன் ஒருவர் நெடுங்காலம் ஆழ்கடல் படகில் டிரைவராக இருந்தவர். நெடுவால் சுறாவைக் கொண்டுவரக் கூடாது என்ற விதியைப் பற்றி அவரிடம் கேட்டபோது, “செத்து வந்ததத் திருப்பிக் கடல்ல போட்டா அதுக்கு உயிரு வருமா மக்களே?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைச் சட்டத்தை மீறுவதற்கான சாக்கு என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி ஒதுக்கவில்லை. செத்த சுறாவைத் திருப்பிப் போடச் சொல்லும் விதி, படகுக்காரனுக்கு நட்டத்தையும் சுறாவுக்கு ஒன்றுமில்லாததையும் தருகிறது. எனவே சுறா மாட்டுவதற்கு முன்பே, அல்லது மாட்டிய சில நிமிடங்களிலேயே, அது தப்பிப் போகும்படி கருவியை மாற்றுவதுதான் உண்மையான வேலை. தப்பிப் போனதை யாரும் எண்ணிப் பார்த்து வருந்துவதும் இல்லை. ஏலத்துக்கு வராத மீனுக்கு விலை கிடையாது.

கருவி என்று வந்தால் முதலில் பேச வேண்டியது, ஆயிரங்கால் தூண்டிலில் கொக்கிக்கு மேலே கட்டும் கடைசி முழங்களைப் பற்றி. முதன்மைக் கயிறு கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்க, அதிலிருந்து குறித்த இடைவெளியில் கிளைக்கயிறுகள் தொங்கும்; ஒவ்வொன்றின் நுனியிலும் இரை குத்திய கொக்கி. சுறாவுக்கென்றே போடும்போது அந்த நுனியில் இரும்புக் கம்பி கட்டுவார்கள், ஏனென்றால் சுறாவின் பல் தங்கூஸ் எனப்படும் நைலான் நரம்பை அறுத்துவிடும். சூரைக்காகப் போடும் தூண்டிலிலும் கம்பி கட்டினால், வந்த சுறா பெரும்பாலும் தப்பாது. கம்பியை எடுத்துவிட்டுத் தங்கூஸ் நரம்பு மட்டும் கட்டினால், கணிசமான சுறாக்கள் அறுத்துக்கொண்டு போய்விடும். சூரைக்கு அறுக்கும் பல் இல்லை, அது நிற்கும்.

ஆஸ்திரேலியாவின் சூரைப் படகுகளில் கம்பியையும் நரம்பையும் மாற்றி மாற்றிக் கட்டி ஒப்பிட்டுப் பார்த்து 2008-இல் வெளியான ஆய்வில், நரம்பு கட்டிய கொக்கிகளில் சுறா குறைந்ததோடு, விலை உயர்ந்த பெருங்கண் சூரை கூடுதலாகவும் மாட்டியது. சூரையின் கண் கூர்மையானது. கம்பியைக் கண்டு அது விலகுகிறது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அறுபட்ட கொக்கிகளுக்கான செலவைக் கூடுதல் சூரை ஈடுகட்டியது. ஹவாய்த் தீவின் ஆழ்கடல் தூண்டில் படகுகள் தாமாகவே கம்பியைக் கைவிட முன்வர, 2022-இல் அமெரிக்க அரசு அதையே விதியாக்கியது. அதே ஆண்டு, மேற்கு, மத்திய பசிபிக் கடலின் மீன்பிடி ஆணையம், வெப்பமண்டலக் கடற்பகுதியின் தூண்டில் படகுகளில் கம்பியையும், மிதவையிலிருந்து நேராகத் தொங்கவிடும் சுறாத் தூண்டிலையும் சேர்த்துத் தடைசெய்ய முடிவெடுத்தது.

எங்கள் கரைக்குப் பொருந்தக்கூடிய மாற்றங்களில் எளியதும் மலிவானதும் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். இதற்குப் புதிய இயந்திரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், வெளிநாட்டு நிறுவனத்தின் தயவு வேண்டாம். தங்கூஸ் நரம்பு எங்கள் ஊர்க் கடைகளில் சுருள் சுருளாகத் தொங்குகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையில்லை. அறுத்துக்கொண்டு போகும் சுறா, வாயிலோ வயிற்றிலோ கொக்கியையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. வயிற்றுக்குள் இறங்கிய கொக்கி அதைப் பின்னால் கொல்லக்கூடும். கடல்நீரில் துருப்பிடித்து உதிரும் இரும்புக் கொக்கியாக இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் அது பல ஆண்டுகள் உள்ளேயே கிடக்கும்.

கொக்கியின் வடிவத்திலும் இதே போன்ற இழுபறி உண்டு. நுனி உள்நோக்கி வளைந்த வட்டக் கொக்கி, தொண்டைக்குள் இறங்காமல் தாடை ஓரத்தில் மாட்டும் தன்மை உடையது. கடல் ஆமைகளைக் காக்க உலகெங்கும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆமை விஷயத்தில் அது நன்றாக வேலை செய்கிறது. சுறாவுக்கோ அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. தாடை ஓரத்தில் மாட்டிய சுறாவின் பல்லுக்கு நரம்பு எட்டாது. ஆகவே அறுத்துக்கொண்டு போவது குறைந்து, படகுக்கு வந்துசேரும் சுறா கூடலாம். ஆனால் வந்துசேர்வது குடல் கிழியாமல் உயிரோடு வரும் வாய்ப்பு அதிகம். அப்போது எல்லாமே, உயிரோடு வந்ததைப் படகுக்காரர் விடுவாரா மாட்டாரா என்பதில் வந்து நிற்கிறது. ஹவாயில் விடுவார்கள். தோப்பும்படிக்கு வரும் படகில் விடுவார்களா என்பது ஏல விலையைப் பொறுத்தது. நரம்பு, கொக்கி, இரை, ஆழம் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இரையைப் பொறுத்தவரை, கணவாய்க்குப் பதிலாக அயலை குத்தினால் சில கடல்களில் சில சுறாக்கள் குறைந்தன, வேறு சிலவற்றில் குறையவில்லை. அதை நம்பி ஒரு விதி செய்ய முடியாது.

தூண்டில் கடலில் கிடக்கும் நேரம் வேறு விஷயம். மாலையில் போட்டு மறுநாள் வெயில் ஏறும்வரை கிடக்கவிட்டால், முதலில் மாட்டிய சுறா பல மணிநேரம் தவித்திருக்கும். கிடக்கும் நேரத்தைக் குறைத்தால் உயிரோடு வருவது கூடும், சூரையின் தரமும் உயரும். ஜப்பானிய ஏலத்துக்குப் போகும் தரத்தில் சூரை வேண்டும் என்று ஏற்றுமதிக்காரர்கள் பல காலமாகச் சொல்லிவரும் அறிவுரையும் இதுதான். சுறாவின் நலனும் படகின் நலனும் ஒரே திசையில் நடக்கும் இடங்கள் குறைவு. கிடைத்த இடத்தில் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். மீன் அறையிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. சுறாவின் தசையில் யூரியா மிகுதி. பனிக்கட்டி குறையக் குறைய அது அம்மோனியாவாக மாறி நாற்றமெடுக்கும். ஒரு மாதப் பயணத்தில் அறையின் பெரும் பகுதியை அப்படிப்பட்ட மீன் அடைத்துக்கொண்டால், பக்கத்தில் கிடக்கும் கேரைக்கான பனிக்கட்டியும் இடமும் போகின்றன. இதை எங்கள் டிரைவர்கள் யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் டெவன் பகுதி நிறுவனம் ஒன்று செய்த மின்துடிப்புக் கருவியைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். சுறாவின் முகத்தில் சிறு சிறு துளைகள் இருக்கின்றன. இரையின் உடலிலிருந்து வரும் மிக மெல்லிய மின்சாரத்தை அவற்றால் உணர்ந்துதான் இருட்டிலும் அது வேட்டையாடுகிறது. கொக்கிக்குப் பக்கத்தில் கட்டிய சிறு கருவி, அந்த உணர்வைத் தாங்கமுடியாத அளவுக்குத் தூண்டி அதை விரட்டுகிறது. பிரான்சின் மத்தியதரைக்கடல் படகுகளில் 2021-இல் சோதித்து அடுத்த ஆண்டு வெளியிட்ட முடிவில், நீலச் சுறா மாட்டுவது 91 விழுக்காடும், ஒருவகைத் திருக்கை மாட்டுவது 71 விழுக்காடும் குறைந்திருந்தன. சூரைக்கு அந்த உணர்வு கிடையாது என்பதால் அதற்குத் தொல்லை இருக்காது என்பது எதிர்பார்ப்பு. அறிவியலாக இது அழகானது. ஆனால் ஆயிரம் கொக்கி போடும் படகுக்கு ஆயிரம் கருவி வேண்டும், அத்தனைக்கும் மின்னேற்ற வேண்டும். நீலச் சுறாவை வேண்டாம் என்று நினைப்பவர் வாங்குவார். வேண்டும் என்பவர் எதற்காகக் காசு கொடுத்து அதை விரட்டுவார்?

தூண்டிலைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வலை. இரவில் கடலின் மேல்மட்டத்தில் நீரோட்டத்தோடு மிதந்து போகும் வழிவலைக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. சூரை, சுறா, ஓங்கில் என்னும் டால்பின், ஆமை என்று குறுக்கே வந்ததெல்லாம் அதில் மாட்டும். நாட்டு எல்லைக்கு அப்பாற்பட்ட பெருங்கடலில் 2.5 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மிதவை வலைகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991 தீர்மானத்தின் வழியாக, 1992 இறுதியிலிருந்து நிறுத்தச் சொன்னது. ஆனாலும் வட இந்தியப் பெருங்கடலில் சூரையின் பெரும்பங்கு இன்றும் வலையில்தான் பிடிபடுகிறது. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாக் கரையோரத்தில் வலையின் மேற்கயிற்றில் பச்சை எல்.இ.டி. விளக்குகளைக் கட்டிச் சோதித்தபோது, சுறாவும் திருக்கையும் சேர்ந்த எடை 95 விழுக்காடு குறைந்தது. வலையை இழுத்துச் சிக்கெடுக்கும் நேரமும் பாதிக்கு மேல் மிச்சமானது. தேடிப்போன மீன் குறையவில்லை. 2022-இல் வெளிவந்த இந்த முடிவு எனக்கு நம்பிக்கை தருகிறது, ஏனென்றால் அங்கே வலை போட்டவர்கள் எங்களைப் போன்ற சிறு படகுக்காரர்கள். ஆயினும் அது கரையோரத்தில் தரையோடு நிறுத்திய வலை. எங்கள் வலை ஆழ்கடலில் மிதப்பது. அங்கே கிடைத்தது இங்கே கிடைக்கும் என்று சோதிக்காமல் சொல்லக் கூடாது. பாகிஸ்தான் மீனவர்கள் வலையின் மேல்விளிம்பைக் கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே தாழ்த்திப் போட்டபோது ஓங்கில்கள் சிக்குவது வெகுவாகக் குறைந்தது. அது மேலே வந்து மூச்சுவிடும் உயிருக்குப் பொருந்திய வழி. கீழேயே திரியும் சுறாவுக்கு அதனால் அதே நன்மை வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

சூரைக் கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் பெருங்கப்பல்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை கடலில் மிதக்கவிடும் மீன்சேர்க்கும் மிதவைகளுக்கு அடியில் தொங்கிய பழைய வலைத்துண்டுகளில், இந்தியப் பெருங்கடலில் மட்டும் ஆண்டுக்கு 4,80,000 முதல் 9,60,000 பட்டுச் சுறாக்கள் வரை சிக்கிச் செத்திருக்கலாம் என்று 2013-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எவர் கண்ணிலும் படாமல், எந்த ஏலத்துக்கும் வராமல் நிகழ்ந்த சாவு அது. வலைத்துணி இல்லாத மிதவைகளே போட வேண்டும் என்று பிறகு விதி வந்தது. சிறு படகுகளை மட்டுமே குற்றவாளியாக்கிப் பேசும் கூட்டங்களில் இந்த எண்ணைச் சொல்வதற்கு நான் தயங்குவதில்லை.

இழுவலைக்கு வருகிறேன். ஆமை வெளியேற, வலையின் கழுத்தில் சாய்வான கம்பிச் சட்டமும் திறப்பும் வைக்கும் முறை பழையது. ஆஸ்திரேலியாவின் வடகடல் இறால் இழுவலைகளில் அதைச் சோதித்தபோது, ஒரு மீட்டருக்கு மேற்பட்ட சுறாக்கள் 86 விழுக்காடும், அந்த அளவுத் திருக்கைகள் 94 விழுக்காடும் வெளியேறின. எல்லா அளவுச் சுறாக்களையும் சேர்த்துப் பார்த்தால் குறைந்தது ஏறத்தாழ 18 விழுக்காடுதான், ஏனென்றால் சிறியவை சட்டத்தின் கம்பிகளுக்கிடையே புகுந்து பைக்குள் போய்விடுகின்றன. நம் நாட்டுக்கு ஏற்ற ஆமை விலக்குச் சட்டத்தைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமே வடிவமைத்துத் தந்திருக்கிறது. அது படகுகளில் பொருத்தப்படாததால்தான், கடலில் பிடித்த இந்திய இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை என்ற நிலை வந்தது. ஆமைக்காகச் சட்டத்தைப் பொருத்தினால் பெருந்திருக்கையும், உழுவை என்னும் கிட்டார் வடிவத் திருக்கையும் சேர்ந்தே தப்பும். ஒரு செலவில் இரண்டு பயன் கிடைக்கும்போது தாமதிப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் எங்கள் சமையலறைக்கு வரும் சிறு பால் சுறா அந்தச் சட்டத்தால் தப்பாது. அதற்கு வேண்டியது இடமும் காலமும். குட்டி ஈனும் ஆழம் குறைந்த பகுதிகளில் குறித்த மாதங்களில் இழுவலை போடாதிருப்பதே அதற்கு வழி. இங்கே எல்லை ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. கேரளத்தில் இழுவலைக்கு ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி 52 நாள். நீரோடிக்கும் பொழியூருக்கும் இடையே கடலில் கோடு எதுவும் இல்லை, கருவுற்ற சுறாவுக்கு இரண்டு அரசுகள் இருப்பது தெரியாது. இரு மாநில மீன்வளத் துறைகளும் சேர்ந்து உட்கார்ந்து, எங்கே எந்த மாதத்தில் குட்டிகள் மிகுதியாக ஏறுகின்றன என்பதைக் கரைமடிக்காரரிடமும் கட்டுமரக்காரரிடமும் கேட்டுக் குறித்தால், தடைக்காலத்தை அதற்கேற்ப நீட்டவோ நகர்த்தவோ முடியும்.

உயிரோடு வந்ததை விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் அறிந்து செய்வது வேறு, எப்படியோ செய்வது வேறு. சுறாவைக் கொக்கித்தடியால் குத்தி ஏற்றக் கூடாது; வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினால், எலும்பு இல்லாத அதன் உடலின் உள்ளுறுப்புகள் தம் எடையாலேயே அறுந்து கலங்கும். தண்ணீரில் வைத்தபடியே, கொக்கிக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி நரம்பை வெட்ட வேண்டும். நீளமான நரம்பைத் தொங்கவிட்டு விட்டால் அது உடலைச் சுற்றி இறுகும். நீண்ட கைப்பிடியின் நுனியில் வெட்டுக்கத்தி பொருத்தியிருந்தால் இது ஒரு நிமிட வேலை. கொம்பன் சுறாவுக்கு அந்த ஒரு நிமிடமும் நீளம்தான்.

விடுவதற்கு மீனவர் மனம் இசையமாட்டார் என்போருக்கு குஜராத் பதில் சொல்லும். வெராவல் பக்கத்தில் திமிங்கிலச் சுறாவை வேட்டையாடிய அதே மீனவர்கள், 2004-இல் ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு அதைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டுப் பேசியதிலிருந்து தொடங்கிய பிரசாரத்துக்குப் பிறகு, வலையை அறுத்து நூற்றுக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். அந்த மாற்றத்தைச் சொல்பவர்கள் பலரும் பேச்சை மட்டுமே சொல்கிறார்கள். அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்ததும், விட்டதற்குச் சான்றாக மீனவரே படம் எடுத்துக் கொடுத்தால் போதும் என்று பின்னர் எளிமையாக்கியதும் அதே அளவுக்குக் காரணம். அதிகாரி வந்து பார்க்கும்வரை அந்த உயிரை வலைக்குள் வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை என்றான போதுதான், விடுவது மீனவரின் கைக்கு வந்தது.

எங்கள் படகுகளில் இன்னொரு கணக்கும் உண்டு. தூண்டில், நரம்பு, கொக்கி எல்லாம் உரிமையாளர் செலவு. பிடித்த மீனின் வருமானத்தில் டீசல், பனிக்கட்டி, உணவுச் செலவு கழித்து மிஞ்சியதில் தொழிலாளிக்குப் பங்கு. கம்பியை எடுத்து நரம்பு கட்டினால், அறுபட்ட கொக்கிக்கான செலவு ஒருவர் தலையிலும், வராமல் போன சுறாவின் பங்கு பலர் தலையிலும் விழும். கூடுதல் சூரையால் இரண்டும் ஈடாகும் என்று ஆஸ்திரேலியக் கணக்கு சொல்கிறது. ஆனால் அது அவர்கள் கடல், அவர்கள் ஏலம். எங்கள் கடலில், எங்கள் ஏல விலையில் அது நிற்கிறதா என்று எங்கள் படகிலேயே பார்க்காதவரை, ஒரு டிரைவரையும் நான் வற்புறுத்தத் துணியமாட்டேன்.

அதற்கு வழி இருக்கிறது. தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து பாலத்தைக் கடந்தால் வில்லிங்டன் தீவு. மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எர்ணாகுளம் நகரிலேயே இருக்கிறது. எங்கள் படகுகள் இறக்கும் சுறாவை இனம் பிரித்து எண்ணுபவர்கள் அவர்கள்தான். தேவையானது ஒன்றுதான்: தடைக்காலம் முடிந்து ஆகஸ்டில் புறப்படும் சில படகுகளில், ஒரே முதன்மைக் கயிற்றில் ஒரு கொக்கிக்குக் கம்பி, அடுத்ததற்கு நரம்பு என்று மாற்றி மாற்றிக் கட்டி, எதில் கேரை வந்தது, எதில் சுறா வந்தது, எது அறுந்தது என்று குறிப்பது. நரம்புக்கும் இழந்த கொக்கிக்கும் பணம் அந்த நிறுவனங்களிடமிருந்து வரவேண்டும். குறிப்பேடு படகிலேயே இருக்க வேண்டும். வந்த விலையோடு சேர்த்து முடிவை முதலில் அந்தப் படகின் தொழிலாளிகளிடம் சொல்ல வேண்டும்.

இதை என் மாமனிடம் விளக்கியபோது அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, மிதவைக்குப் பக்கத்தில் மேலே தொங்கும் முதல் கொக்கியில்தான் சுறா அதிகம் ஏறும் என்றும், கேரை நடுவில் ஆழத்தில் தொங்குவதில்தான் நன்றாக மாட்டும் என்றும், ஆகவே கம்பியோ நரம்போ பார்ப்பதற்கு முன் அந்தக் கொக்கி எத்தனையாவது என்பதையும் எழுதிக்கொள்ளாவிட்டால் கணக்குத் தப்பாகிவிடும் என்றும் சொன்னார். குறிப்பேட்டில் அதற்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். முகாமையான துறைமுகச் சங்கங்களுக்கும் இரண்டு நிறுவனங்களுக்கும் அனுப்புவதற்கான கடிதத்தை இந்த வாரம் எழுதி முடித்துவிடுவேன். தங்கள் படகில் இடம் தர விரும்பும் உரிமையாளர்கள் வல்லவிளையிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ என்னை நேரில் பார்த்துப் பேசலாம்.